தெருவில் ஊற்றாத தண்ணீர்

குழாயில் தண்ணீர் வராத மூன்றாம் நாளான ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேளக் கொட்டின் முடிவில் தெருவில் வீசி ஊற்ற வேண்டிய ஒரு வாளித் தண்ணீரைத் தையல்நாயகி எதிர்வீட்டு ஸ்தெலா அக்காவின் கையில் கொடுத்துவிட்டாள். அதனால்தான் புதுச்சேரி குதிரைக்குளத் தெருவின் இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் மறுநாள் காலை எழுந்து பல் விளக்கப் போனபோது, நடந்து போகாமல் ஆடிக்கொண்டு போனார்கள்.

தையல்நாயகி யார், அந்த வாளி என்ன வாளி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காரைக்கால் பக்கத்துக் கரகாட்டக்காரியான அவள், இருபத்தாறு வயதில் ஒரு நாட்டுப்புறக் கலைக் குழுவோடு கியூபாவுக்குப் பதினைந்து நாள் பயணமாகப் போனாள். மத்தான்சாஸ் என்ற துறைமுக ஊரில், ஒரு வீட்டு முற்றத்தில், மூன்று பேர் மடியில் கிடத்திய மேளங்களை இரண்டு பக்கமும் அடிப்பதைக் கேட்டாள். பதினைந்து நாள் ஏழு வருஷம் ஆனது. திரும்பி வரும்போது லியோனெல் என்ற நெடிய புருஷனும், ஆறு மேளங்களும், அந்தத் தீவுக்கு அடிமைகளாக இழுத்துப் போகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் எல்லாவற்றையும் இழந்த பிறகும் இழக்காமல் வைத்திருந்த தெய்வங்களின் ஆட்ட அடிகளும் அவளோடு வந்தன. விமான நிலையத்தில் மேளங்களைப் பற்றித்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். காலில் இருந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இரண்டு பேருமாகக் குதிரைக்குளத் தெருவின் முனையில், வெல்ல மண்டிக்கு மேலே மாடியைப் பிடித்துப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அவர் மேளம், அவள் ஆட்டம். லியோனெல் என்ற பேர் வாயில் நுழையாததால் தெருக்காரர்கள் லெனின் என்றே கூப்பிட்டார்கள், அந்தப் பேரில் அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்ததால் யாருக்கும் சிரமம் இல்லை. அவர் தமிழை ஆட்டோ ஸ்டாண்டில் கற்றுக்கொண்டார், அது அவர் பேசுகிறபோது தெரியும். மூன்று மேளங்களில் சின்னதைப் பல் டாக்டர் சூசைமாணிக்கமும், நடுவானதை ஆட்டோக்காரர் தேசிங்கும் அடிக்க, தாய் என்று பேர்கொண்ட பெரிய மேளம் லியோனெலின் மடியில் இருக்கும். மேளம் யாருக்காகவும் காத்திருக்காது என்று சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். அடி தவறுகிறவர்களைப் பார்த்து அந்தச் சுவரைக் காட்டுவாரே தவிர, வாயைத் திறந்து திட்டமாட்டார். திட்டுகிற வேலை தையல்நாயகியுடையது, அதை அவள் குறைவைக்காமல் செய்தாள்.

வாளி விஷயத்துக்கு வருவோம். கொட்டு தொடங்கும்போது தெய்வங்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறோம் அல்லவா. வந்தவர்களை அப்படியே விட்டுவிட முடியுமா? ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு மேளங்களுக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை வைப்பார்கள். கடைசிக் கொட்டு நடக்கும்போதே ஆடுகிறவள் அதைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, வாசலைத் தாண்டிப் போய்த் தெருவில் வீசி ஊற்றி, வெறும் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரோடு வந்தவர்கள் எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். தையல்நாயகி கரகக்காரி ஆயிற்றே, வாளியைத் தலையில் வைத்துக் கையை விட்டுவிட்டுப் பதினான்கு படியும் ஆடிக்கொண்டே இறங்குவாள், ஒரு சொட்டு சிந்தாது. லியோனெலின் ஊரில்கூட அப்படி யாரும் செய்ததில்லை என்பதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் இறங்கினாள். கடைசிப் படிக்குக் கீழே ஸ்தெலா அக்கா இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றிருந்தாள்.

“நல்ல தண்ணியத் தெருவுலயா ஊத்தப்போற, தையலு? மூணு நாளா மிசியேக்கு உடம்பு தொடைக்கக்கூடத் தண்ணியில்ல.”

மிசியே என்றால் அவள் புருஷன் அந்துவான்; பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, மூன்று வருஷமாகப் பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் விழுந்து, வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். தண்ணீர் வராத நாளில், குடத்தோடு நிற்கிற ஒரு பெண்பிள்ளை முன்னால், நோயாளி இருக்கிற வீட்டுக்காரி முன்னால், ஒரு வாளித் தண்ணீரை மண்ணில் கொட்ட எந்த ஊர்ச் சாஸ்திரம் சொன்னாலும் காரைக்கால்காரியின் கை கேட்குமா? அவள் வாளியைத் தலையில் இருந்து இறக்கிக் கொடுத்துவிட்டாள். அதற்குள் மேலே மேளம் நின்றிருந்தது, லியோனெல் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒருவரும் கவனிக்கவில்லை.

ஸ்தெலா அக்காவும் கெட்டவள் இல்லை. அந்தத் தண்ணீரைத் தன் வீட்டு சம்ப்பில், அடியில் கொஞ்சம் மிச்சமிருந்ததோடு கலந்து ஊற்றிவிட்டுத் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், வீட்டுக்கு ஒரு குடம் மொண்டுகொண்டு போகட்டும் என்று. இருபத்து மூன்று வீடும் மொண்டது, சம்ப் வற்றவில்லை; அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் முதலில் வெளியே வந்தவர் வச்சலா டீச்சர், கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இரும்புக்கும் வெட்டுக்கத்திக்கும் தெய்வமான ஓகுனின் அடி அவருக்கு வந்திருந்தது. காடு வெட்டி வழி செய்கிறவர் மாதிரி இடதும் வலதும் கையை வீசி வீசிப் பால் வாங்கப் போனார். ரேஷன் கடை முனிரத்தினம், ஆற்றின் தேவியான ஓச்சுன் கண்ணாடி பார்த்துக் கூந்தல் கோதி நடக்கிற நடையில், மீசையோடு, இடுப்பை மெல்ல அசைத்துக் கடையைத் திறக்கப் போனார். வெல்ல மண்டி மூட்டைக்காரர்கள் எட்டுப் பேருக்கும் கடல் தாய் யெமயாவின் அலை வந்துவிட்டதால், மூட்டைகள் லாரிக்கும் மண்டிக்கும் நடுவில் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போயின. எந்த நாளையும்விடச் சீக்கிரம் வேலை முடிந்தது. இடியின் ராஜாவான சாங்கோவின் தோள் குலுக்கல் லியோனெலுக்கே வந்திருந்தது, ஆனால் அவர் முன்பும் அப்படித்தான் நடப்பார் என்பதால் சாயங்காலம் வரைக்கும் அவருக்கே தெரியவில்லை.

நாலு நாள் தெரு சிரித்தது. ஐந்தாம் நாள் பழகிவிட்டது. ரேஷன் வரிசை மூன்றடி முன்னால் போய் ஒன்றரை அடி பின்னால் வருவதால் எல்லோரும் அரை மணி முன்னதாகக் கிளம்பினார்கள். பள்ளிக்கூடத்தில் குதிரைக்குளத் தெருப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் நிற்க வைத்தார்கள், முன்னால் நின்றால் மற்றப் பிள்ளைகளும் கெட்டுப்போகிறார்கள் என்று. கோயில் குருக்களுக்கு, முன்னும் பின்னுமாகச் சுற்றுகிற பிரதட்சிணத்தை எத்தனை சுற்றாகக் கணக்கு வைப்பது என்று ஒரு சந்தேகம் வந்தது. தன் குருநாதருக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை, அவராகவே தாராளமாகக் கணக்கு வைத்துக்கொண்டார். பங்குச் சாமியார், நற்கருணை வாங்க எப்படி நடந்து வரவேண்டும் என்று தான் படித்த எதிலும் எழுதியில்லை என்று சொல்லிவிட்டார். நகராட்சியில் இருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். சாலையில் ஏதோ அதிர்வு என்று புகார் போயிருந்தது. அவர் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார், ஸ்தெலா அக்கா கொடுத்த காப்பியைக் குடித்தார், போகும்போது ஒற்றைக்கால் தாங்கிப் போனார். செருப்புத் தைக்கிறவர் மட்டும் தெருமுனையில் இன்னொரு சாக்கு விரித்து மச்சானையும் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் எதிர்வீட்டில் நடந்தது. திங்கட்கிழமை காலையில் அந்துவான் மிசியே பிரம்பு நாற்காலியில் இருந்து எழுந்தார். அவருக்கு வந்தது எலெகுவாவின் அடி. எலெகுவா என்றால் வழிகளைத் திறக்கிறவர், மூடுகிறவர், தெய்வங்களில் குழந்தை, குறும்புக்காரர், கையில் வளைந்த கம்பை வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிப்பவர். மிசியேயின் இடது கால் நல்ல கால்தானே. அதை ஊன்றி, கைத்தடியைச் சுழற்றி, முப்பது வருஷம் பட்டாளத்தில் சிரிக்காத முகத்தோடு, பாண்டி ஆடுகிற சிறு பெண் மாதிரி வாசலைத் தாண்டிக் குதித்துத் தெருவில் இறங்கினார். ஸ்தெலா அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைப் பற்றி அவள் ஒரு வாரம் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இத்தனையும் நடந்த அதே காலையில், மாடியில் தையல்நாயகி வழக்கம்போல் சலங்கை இல்லாத வெறுங்காலோடு தளத்தின் நடுவில் போய் நின்றாள். தேசிங்கு தட்டினார். அவள் கால் நகர்ந்தது, அவ்வளவுதான். பஸ் ஏறப் போகிறவள் கால் நகர்வதுபோல நகர்ந்தது. யெமயாவைத் தேடினாள், இல்லை. ஓகுனைத் தேடினாள், அவரும் இல்லை. சின்ன வயதில் இருந்து வந்த கரகத்தின் அடியைத் தேடினாள், அதுவும் கூடவே போயிருந்தது. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். பத்து விரல், ஒரு பழைய தழும்பு, கொஞ்சம் பித்தவெடிப்பு. இதற்குள்ளேயா அத்தனையும் இருந்தன என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. பயம் பிறகுதான் வந்தது, வந்த பிறகு போகவில்லை.

லியோனெல் அவளை உட்கார வைத்து, வாளி எங்கே என்று கேட்டார். அவள் சொன்னாள். வந்தவர்கள் போகவில்லை, போவதற்கு வழி இல்லாமல் தெருவிலேயே தங்கிவிட்டார்கள், தங்குவதற்குக் கால் வேண்டுமே, ஆளுக்கொரு கால் பிடித்துக்கொண்டார்கள் என்று அவர் விளக்கினார். வாளியைச் சுமந்தவள் வழியில் நிறுத்திவிட்டதால் அவளிடம் இருந்ததையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

“மறுபடியும் கொட்டி, ஊத்தி மூடினா சரியாப் பூடும். ஆனா நம்ம தண்ணி ஆவாது தையல். ஆட்டம் எந்தெந்த வூட்ல கீதோ அந்தந்த வூட்டுக்காரங்க அவங்க கையால ஒரு டம்ளர் தரணும். ஒரு வூடு தரலன்னாலும் ஆவாது.”

தெருவே கொண்டாட்டமாக இருக்கும்போது யாரிடம் போய் டம்ளர் கேட்பது? தையல்நாயகி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஏழு வருஷம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு குடம் தண்ணீரில் கிடைக்கும்போது எவன் பதினான்கு படி ஏறுவான்? அவள் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனிரத்தினத்தின் ஓச்சுனில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. மூட்டைக்காரர்களின் அலையில், தான் ஐந்தாம் வருஷம்தான் பிடித்த ஒரு நெளிவு முதல்நாளே வந்திருந்தது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது, அதை அவள் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பார்க்கப் பார்க்கப் பொறாமைக்கு நடுவே ஒரு குறுகுறுப்பும் வந்தது, ஏனென்றால் தெருவில் யாரும் தான் போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதை முதலில் கண்டது அவள்தான்.

பால் வாங்கப் போன வச்சலா டீச்சரை ஓகுன் செடி கொடி இருக்கிற பக்கமாகவே இழுத்துப் போனார். அடுத்த தெருப் பூங்காவில் ஒரு கிளைகூட மிஞ்சவில்லை. முனிரத்தினம் கண்ணாடி இருக்கிற கடைக்கெல்லாம் போய்விட்டுப் பத்தரைக்குத்தான் ரேஷன் கடைக்கு வந்தார். அந்துவான் மிசியே எப்போது கிளம்பினாலும், எந்தப் பக்கம் கிளம்பினாலும், முச்சந்திக்குத்தான் போனார். வழிகள் சேருகிற இடந்தானே எலெகுவாவின் இடம். அங்கே கொஞ்சநேரம் சுற்றிக் குதித்துவிட்டு நிற்பார். ஸ்தெலா அக்கா பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவாள், நாற்காலியில் உட்கார வைப்பாள், அவர் மறுபடியும் எழுந்து முச்சந்திக்குப் போவார்.

இரண்டு மாதம் ஆனது. வெல்ல மண்டிக்காரரின் அப்பா, தொண்ணூற்றொரு வயது, ஒரு புதன்கிழமை விடியற்காலையில் காலமானார். பாடையை நாலு பேர் தூக்கினார்கள். ஒருவருக்கு அலை, ஒருவருக்கு வெட்டு, ஒருவருக்குக் காற்று, ஒருவருக்கு இடி; நாலு பேரும் நாலு பக்கம் போனார்கள். பாடை ஒரு வீட்டைத் தாண்டுவதும் திரும்பி வருவதுமாகப் பகல் முழுக்கத் தெருவுக்குள்ளேயே நின்றது. கடைசியில் அடுத்த தெருவில் இருந்து நாலு பேரைக் கூப்பிட்டு, நேராக நடக்கத் தெரிந்த அந்த நாலு பேர் தோளில்தான் பெரியவர் போய்ச் சேர்ந்தார். மகன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அப்பா போனதற்காக அழுதது பாதி, அழைத்துப்போக முடியாததற்காகப் பாதி. அன்றைக்குத்தான் தெரு முதன்முதலாக வெட்கப்பட்டது.

மறுநாள் தெருக்காரர்கள் தாங்களாகவே மாடிக்கு வந்தார்கள். லியோனெல் டம்ளர் விஷயத்தைச் சொன்னார். இரண்டு நாளில் இருபத்திரண்டு வீட்டுத் தண்ணீரும் வாளிக்கு வந்துவிட்டது, லியோனெலே தன் வீட்டுப் பங்காக ஒரு டம்ளர் ஊற்றினார். ஒரு வீடுதான் பாக்கி. தையல்நாயகி எதிர்வீட்டுக்குப் போனாள். லியோனெல் போகிறேன் என்றதற்கு, தான் கொடுத்த தண்ணீரைத் தானே போய்க் கேட்பதுதான் முறை என்றாள்.

ஸ்தெலா அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தையல்நாயகி சொன்னதையெல்லாம் நிமிராமல் கேட்டாள். பிறகு கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“உன் காலுக்காக என் மனுஷன் காலைக் கேக்கறியா, தையலு?”

தையல்நாயகி திரும்பித் தெருவைக் கடந்து வந்தாள். படியேறும்போது, இருபத்திரண்டு வீட்டார் கேட்டாலும் அந்த ஒரு மனுஷனை நாற்காலியில் உட்கார வைக்கிற வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்பது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. என் கால் போனால் போகட்டும், வாயால் சொல்லிக்கொடுக்கிறேன், அதுவும் முடியாவிட்டால் வெல்ல மண்டியில் கணக்கு எழுதுகிறேன் என்று லியோனெலிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அவர் பெரிய மேளத்தை உறையில் போட்டு வைத்தார்.

அதற்கு மறுநாள் காலை, அந்துவான் மிசியே வழக்கம்போல் வாசலைத் தாண்டிக் குதித்தார். மாடிப்படி முச்சந்திக்குப் போகிற வழியில்தான் இருந்தது. படியைத் தாண்டிப்போகிற நேரத்தில் கைத்தடியின் வளைவைக் கம்பிப்பிடியில் மாட்டி, இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கால் அவரை முச்சந்திக்கு இழுத்தது, அவர் விடவில்லை. தடி வளைந்தது, அவர் உடம்பெல்லாம் நடுங்கியது, இடது கால் கீழே தானாகக் குதித்துக்கொண்டே இருந்தது. கழுத்தில் பட்டாளத்துத் தண்ணீர்க் குடுவை ஒன்று, வீட்டுத் தண்ணீர் நிரம்பி, வாரோடு தொங்கியது. தையல்நாயகி ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு ஓடி இறங்கி வந்தாள். மிசியேயின் பின்னாலேயே வந்த ஸ்தெலா அக்காவும் அங்கே நின்றாள்.

மூன்று வருஷமாக அவர் ஒரே நேரத்தில் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

“அடுப்படிக்குப் போவணும்,” என்றார் மிசியே. வாய் கோணியது, நிறுத்தி மூச்சு வாங்கினார். “மூணு வருஷமா நாக்காலில ஒக்காந்துகினு, ஒரு நாளாச்சும் எந்திரிச்சு, ஸ்தெலா நிக்கிற எடத்துக்குப் போவணும்னுதான் நெனைச்சேன். இந்தக் கால் தெருவுக்குத்தான் போவுது. இது என் கால் இல்ல.”

ஸ்தெலா அக்கா அவர் காலைப் பார்த்தாள். எத்தனை தடவை அவரை முச்சந்தியில் இருந்து அழைத்து வந்திருப்பாள், ஒரு தடவையாவது அவர் எங்கே போக நினைத்தார் என்று கேட்டிருப்பாளா? கேட்கவில்லை, நடக்கிறாரே என்ற சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை. அவள் குடுவையை அவர் கழுத்தில் இருந்து எடுத்தாள், பதினான்கு படியும் ஏறினாள், மேளங்களுக்கு முன்னால் இருந்த வாளியில் தன் கையால் ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் குடுவையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

அன்றைக்கே கொட்டினார்கள். கடைசிக் கொட்டு வந்ததும் தையல்நாயகி வாளியைத் தலையில் ஏற்றினாள். ஆட்டம் இல்லாத காலோடு வாளி சுமப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. ஏழு வயதில் இருந்து அவள் வெறுமனே எதையும் சுமந்தவள் இல்லை. இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் துழாவித் துழாவி இறங்கினாள். மேளம் காத்திருக்காமல் முன்னால் போனது, அவள் பின்னால் வந்தாள். தண்ணீர் சிந்தியது, முகத்தில் வழிந்தது, ஒரு சொட்டு சிந்தாதவள் என்று பேர் வாங்கியவள் தெருவே பார்க்கப் பாதி வாளியைப் படியிலேயே கொட்டிக்கொண்டு வந்தாள். தெருவில் இறங்கி மிச்சத்தை வீசி ஊற்றினாள். வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

எல்லாக் கால்களும் நின்றன. வச்சலா டீச்சர் கையைக் கீழே போட்டார். மூட்டைக்காரர்களில் ஒருவர் சும்மா நிற்பதற்குப் பிடிமானம் தேடிச் சுவரைப் பிடித்தார். அந்துவான் மிசியேயின் இடது கால் கடைசியாக ஒருதரம் குதித்துத் தரையில் அமர்ந்ததும் அவர் சாய்ந்தார். தேசிங்கு பிரம்பு நாற்காலியைப் பிடித்துத் தயாராக நின்றிருந்ததால் நாற்காலியில்தான் விழுந்தார். தையல்நாயகியின் உள்ளங்காலில் சூடு ஏறியது. எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் எதிரே ஸ்தெலா அக்கா நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபோது, அந்தக் காலை வைத்து ஓர் அடி எடுக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

தெரு நடக்கத் தொடங்கியது. முனிரத்தினம் ஒன்பது மணிக்கே கடை திறந்தார். பத்து நாளில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் பதினாறு பேர் சேர்ந்தார்கள், அத்தனை பேரும் அதே தெரு. வந்துபோனது எது என்று தெரிந்த பிறகு அது இல்லாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. வச்சலா டீச்சருக்கு ஓகுனின் முதல் அடியே வரவில்லை, தையல்நாயகி அவரையும் விடாமல் திட்டினாள், டீச்சர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ஸ்தெலா அக்கா மட்டும் பத்தொன்பது நாள் தையல்நாயகியிடம் பேசவில்லை. எதிர்வீட்டு வாசலில் நாற்காலியும் இல்லை. மிசியே இப்போது கூடத்தில்தான் உட்கார்கிறார் என்று தேசிங்கு சொன்னார்.

இருபதாம் நாள் காலை வகுப்பில் ஒரு தப்பு அடி கேட்டது. தையல்நாயகிக்கு நூறு காலுக்கு நடுவில் ஒரு தப்புக் காலைத் தெரியும். யார் என்று கேட்டு, ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். அங்கே இருந்த யாருடைய காலும் இல்லை. மறுபடியும் கேட்டது. டக். ரொம்ப நேரம் கழித்து, தரையோடு தேய்கிற ஒரு சத்தம். அதற்கப்புறம் டக். தாளத்தில் எந்த இடத்திலும் உட்காராத ஒரு சத்தம். அவள் பாதிப் படி வரைக்கும் இறங்கினாள். அங்கே நின்றால் எதிர்வீட்டு வாசல் வழியாகக் கூடமும், கூடத்தைத் தாண்டி அடுப்படியும் தெரியும்.

அந்துவான் மிசியே எழுந்து நின்றிருந்தார். தடியை ஊன்றினார். வலது காலை, அந்த விழுந்துபோன காலை, தரையோடு தேய்த்து ஒரு சாண் முன்னால் கொண்டுவந்தார். அதற்கே அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது. அடுப்புக்கு முன்னால் ஸ்தெலா அக்கா முதுகைக் காட்டி நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது, அவள் கை மட்டும் கிண்டிக்கொண்டிருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

தையல்நாயகி மேலே பார்த்துக் கையை உயர்த்தினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த லியோனெல் அவள் பார்த்த திசையில் பார்த்தார், உள்ளங்கையை மேளத்தின் மேல் பதித்து நிறுத்தினார். தேசிங்கு நிறுத்தினார், பல் டாக்டர் நிறுத்தினார். தெருவில் அந்த ஒரு கால் தேய்கிற சத்தம் மட்டும் இருந்தது. தடி விழுந்தபோது லியோனெல் தாய் மேளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். கால் தேய்ந்து வந்து நின்றபோது இன்னொரு தட்டு. பிறகு சுவரில் எழுதி வைத்திருந்ததற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைத் தூக்கியபடியே, அடுத்த அடி விழுகிற வரைக்கும் காத்திருந்தார்.